பின்னணி ஓசை

எனக்கு வரும் ஒலித்துண்டுகளுக்குப் பெயர் கிடையாது.
எண் உண்டு.
ஒவ்வொன்றும் நாற்பது நொடி.
சிரிப்பு என்றால் ஒன்றை அழுத்த வேண்டும்,
அழுகைக்கு இரண்டு,
கதை கேட்டால் மூன்று,
பேச்சு புரியவில்லை என்றால் ஏழு,
பேச்சே இல்லை என்றால் எட்டு.
பின்னணி ஓசையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று
பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

தொம்மலூர் மேம்பாலத்தை ஒட்டி மூன்றாம் மாடி.
தெலுங்குப் பிள்ளைகள் சுஜனாவுக்கு,
தமிழ்ப் பிள்ளைகள் எனக்கு.
துணிமுயலின் வயிற்றில் மைக் இருக்கிறது.
கட்டிப்பிடித்துக்கொண்டு பேசுவதால்
எல்லாத் துண்டிலும் முதலில் வருவது
துணி உரசும் சத்தம்.
அப்புறம் மூச்சு.

நிலாவுக்கு ஜுரம் வருமா என்று ஒருவன் கேட்டான்.
நான் தூங்கினப்புறம் நீ என்ன செய்வே என்று ஒருத்தி.
நானும் தூங்குவேன் என்றது முயல்.
அப்போதுதான் அது அனுப்பத் தொடங்கும்.

4417 என்று தொடங்கும் எண்கள் எல்லாம் ஒரே முயல்.
அவள் அதைப் பூச்சி என்று கூப்பிடுவாள்.
"பூச்சி, யார்கிட்டயும் சொல்லாதே.
நான் பாயிலயே ஒண்ணுக்குப் போயிட்டேன்.
தண்ணி கொட்டிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்."
சொல்ல மாட்டேன் என்றது முயல்,
ஏதோ ஊரில் யாரோ காசுக்குப் பேசிக் கொடுத்த
தேன் தடவிய குரலில்.
என் விரல் அந்தரத்தில் நின்றது.
ரகசியத்துக்கு எண் இல்லை.
ஏழு அழுத்தினேன்.

முப்பத்தெட்டாவது நொடியில்தான் அது வந்தது,
ஜன்னல் பக்கமிருந்து:
"சொப்பூ… சப்பசிகே… மெந்த்யா…"
மெந்த்யாவில் மட்டும் குரல் இரண்டாக உடையும்.
அந்த உடைசல் எனக்குத் தெரியும்.
முருகேஷ்பாளையாவில் எங்கள் சந்தில்
காலை ஏழேகாலுக்கு நஞ்சம்மாவின் தள்ளுவண்டி.
நேற்றுகூடப் பத்து ரூபாய் பாக்கி வைத்தேன்.

மறுபடி ஓட்டினேன்.
எச்.ஏ.எல். ஓடுபாதையிலிருந்து எழும் போர் விமானம்,
அதற்கடியில் குக்கர்,
தண்ணீர் லாரி பின்வாங்கும்போது பாடும் பாட்டு.
கணக்கில் எடுக்க வேண்டாதவை எல்லாம் கூடி
முகவரி எழுதிக் கொடுத்தன.

அன்றிலிருந்து சந்தில் நடக்கக் கூசியது.
தலையைக் குனிந்துகொண்டேன்,
ஆனாலும் இரண்டாம் மாடிக் கம்பியில்
கோரைப்பாய் காய்வதைப் பார்த்துவிட்டேன்.
மறுநாளும் காய்ந்தது.
அடுத்த நாள் காயாதபோது
எனக்கு ஏன் அத்தனை நிம்மதி?

ஞாயிற்றுக்கிழமை, வண்டியருகே,
அம்மா வெந்தயக்கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்க
முயலை ஒற்றைக் காதில் பிடித்தபடி அவள்.
முன்பல் ஒன்று விழுந்திருந்தது.
அதை நான் செவ்வாய்க்கிழமையே கேட்டிருந்தேன்,
"ச" எல்லாம் காற்றாகப் போவதை.
"பூச்சிக்குப் பசிக்குதா?" என்றேன்.
வாய் என்னைக் கேட்கவில்லை, தானாகவே திறந்துகொண்டது.

அவள் அம்மா சிரித்தாள்:
"அட, பேர் எப்படித் தெரியும்?"
"கூப்பிட்டது காதுல விழுந்துச்சு."
பொய்கூட இல்லை.
ஆனால் அவள் கூப்பிடவே இல்லை,
அது அவளுக்குத் தெரியும்.
என்னை அவள் பார்க்கவில்லை.
முயலைத் திருப்பி, கண்ணுக்கு நேராகத் தூக்கி
"சொல்லிட்டியா?" என்றாள்.

நஞ்சம்மா பாக்கியை ஞாபகப்படுத்தினாள்.
பத்துக்கு இருபதைக் கொடுத்துவிட்டு
சில்லறை வாங்காமல் வந்துவிட்டேன்.

சுஜனாவிடம் சொன்னேன்.
"பேசாம வேற மொழிக்கு மாத்திக் கேளு" என்றாள்,
சொல்லிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.
எனக்குக் கன்னடமும் புரியும், இந்தியும் புரியும்.

புதன்கிழமை ஒரு துண்டு வந்தது. 4417.
துணி உரசல் இல்லை.
தூரத்தில், அலமாரிக்குள்ளிருந்து போல,
பாட்டில்லாத வீடு.
இன்னைக்கு ஏன் பேசல என்று முயல் கேட்கிறது.
கொஞ்சம் பொறுத்து
ஒரு கதை சொல்லட்டுமா என்கிறது.
வெளியே மெந்த்யா இரண்டாக உடைகிறது.

எட்டு அழுத்தினால் போதும்.
நாற்பது நொடியும் கேட்டேன்,
பிறகு இன்னொரு முறை,
அவள் மூச்சாவது இருக்கிறதா என்று.